பதினாறும் நலம்

எங்கள் வீட்டில் சமையல் என் வேலை, துணி துவைப்பது அவள் வேலை. கல்யாணமான முதல் வாரத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்துக்கொண்ட ஏற்பாடு அது. முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாள்கூட மாற்றிக்கொண்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் அவள் கடையில் வாங்கி வருவாளே தவிர அடுப்பைத் தொடமாட்டாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அழுக்குத் துணி கூடை நிறைந்து வழியும், நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, மேடம். துணியை நான் துவைத்திருந்தால் இந்த அறையில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

நீங்கள் கேட்டபடி ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். அறிக்கை எழுதி எழுதிப் பழகிய ஆள் நான். தேதி, நேரம், இடம் மூன்றையும் விடமாட்டேன். தட்டச்சு செய்கிறவருக்கு எங்காவது புரியாவிட்டால் கையைத் தூக்கட்டும், நிறுத்துகிறேன்.

ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு காடு இருக்கிறதே, அதுதான் என் வேலையிடம். தாவர ஆய்வாளர் என்பது பதவியின் பெயர். ஊரில் செடிக்காரர் என்பார்கள். கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு கோடையிலும் சொட்டச் சொட்ட நிற்கிற மழைக்காடு அது. ஒரு காலத்தில் இந்தக் கரை முழுக்க இருந்தது. இப்போது இந்த முனையில் நுழைந்தால் அரை மணி நேரத்தில் அந்த முனைக்கு வந்துவிடலாம். தெற்கே நாங்கள் குடியிருக்கிற பகுதி, பள்ளிக்கூடம், தபால் நிலையம். வடக்கே புது ஆஸ்பத்திரி. காட்டைப் பிளந்து பாதை போட்டால் எங்கள் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆறு நிமிஷம். பாதை இல்லாததால் உப்பளத்தைச் சுற்றிப் பழைய பாலம் ஏறி இறங்க நாற்பது நிமிஷம். பன்னிரண்டு வருஷமாக ஊர் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

பாதையைத் தடுத்தது ஒரு செடி. இடுப்பு உயரத்துக்கு மேல் வளராது. பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். அந்தப் பூவை முதலில் பார்த்தவள் என் மனைவி. கல்யாணமாகி நாலாம் வருஷம், ஒரு விடுமுறை நாளில் என்னோடு காட்டுக்கு வந்தவள் செருப்பு கடிக்கிறது என்று ஒரு கல்லில் உட்கார்ந்தாள். "என்னங்க, இங்க பாருங்களேன். யாரோ நம்ம பேச்ச ஒட்டுக் கேக்கற மாதிரி இருக்கு" என்றாள். வெள்ளை வெளேரென்று, ஒரு குழந்தையின் காது அளவுக்கு, காது மாதிரியே மடங்கின பூ. உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடி என்று உறுதியாவதற்கு இரண்டு வருஷம் ஆனது. அதன் அறிவியல் பெயர் நீளமானது. அதன் வாலில் என் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவள் பெயரையும் சேர்த்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை. ஆனால் ஊர் வாயில் நின்றது அவள் வைத்த பெயர்தான், வெள்ளைக்காது.

காடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியதில் மொத்தம் பதினாறு செடிகள் இருந்தன. எங்களுக்குக் குழந்தை இல்லை. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று கல்யாணத்தில் வாழ்த்தினவர்கள் எல்லாம் பிற்பாடு எங்களைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். அவள்தான் அதையும் சிரிப்பாக்கினாள். "வாழ்த்து பலிச்சிருச்சு, அட்ரஸ்தான் மாறிப்போச்சு. பதினாறையும் காட்டுல கொண்டுபோய் எறக்கிட்டாங்க" என்பாள். தபால் நிலையத்தில் கவுண்டரில் இருந்தவள் அவள். ஊருக்கே தபால் அக்கா. என்னைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பாதை வழக்கில் தீர்ப்பு வந்தது. வெள்ளைக்காது அங்கே உயிரோடு இருக்கும்வரை காட்டில் ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது. அதுதான் தீர்ப்பின் சாரம். காப்பதற்கான விதிகளை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒவ்வொரு செடிக்கும் எண் பொறித்த அலுமினியத் தகடு. சுற்றிலும் மூன்றடி தள்ளிக் கயிறு. அந்தக் கயிற்றைத் தாண்டி என்னைத் தவிர யாரும், நீதிபதியே ஆனாலும், போகக்கூடாது. ஓர் இலையைக் கிள்ளினாலும் தண்டனை. வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும். ஒருவர் செடியைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத, இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை, ஆகவே இரண்டாவது ஆள் பொதுமக்களில் ஒருவராக இருக்கலாம் என்றும் சேர்த்தேன். அந்தப் பொதுமக்களில் ஒருவர் என் மனைவி.

எண்ணிக்கை நாளன்று அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவாள். அலுவலகத்துப் பேனா அவளுக்கு ஆகாது, சொந்தப் பேனா கொண்டுவருவாள். நான் கயிற்றுக்குள் போய்க் குனிந்து பார்த்து "ஒண்ணு, நலம்" என்பேன். வெளியே நின்று அவள் எழுதுவாள். கடைசியில் நோட்டின் அடியில் "பதினாறும் நலம்" என்று எழுதிக் கோடு போட்டுக் கையெழுத்திடுவாள். அழகான கையெழுத்து. அதன் பிறகு அதே கல்லில் உட்கார்ந்து, கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் காட்டின் கடலோர ஓரத்தில் இருந்த உயரமான மரங்களை ஒரு விடுதியைச் சேர்ந்தவர்கள் வெட்டினார்கள். அறையிலிருந்து பார்த்தால் கடல் தெரிய வேண்டுமாம். அந்த மரங்கள் காட்டு எல்லைக்குப் பதினோரு அடி வெளியே நின்றன, எனவே சட்டப்படி அது தப்பில்லை. ஆனால் காட்டுக்குச் சட்டை மாதிரி இருந்தவை அவைதான். சட்டை போனதும் உப்புக்காற்று நேராக உள்ளே வந்தது. முதலில் ஏழாம் எண்ணின் இலை விளிம்பு கருகியது. நான் தினமும் காலையில் நல்ல தண்ணீர் சுமந்துபோய்ப் பதினாறு செடிகளின் இலைகளிலிருந்தும் உப்பைக் கழுவினேன். வலை கட்டினேன். தண்டை வெட்டி நட்டேன், பதியன் போட்டேன், எதுவும் வேர் பிடிக்கவில்லை. விதை எடுக்கலாம் என்றால் பூக்கும் வருஷம் இல்லை. பதினான்கு மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் போயின. கடைசியாகப் போனது நாலாம் எண். அதன் கடைசி இலை விழுந்த அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அந்தக் காட்டில் நாய்க்காது என்று இன்னொரு செடி உண்டு. வெள்ளைக்காதுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை அதே இலை, உயரம் அதே உயரம், திரும்பிய பக்கமெல்லாம் முளைத்துக் கிடக்கும். வித்தியாசம் இரண்டுதான். நாய்க்காது வருஷா வருஷம் பழுப்பு நிறத்தில் பூக்கும். அதன் இலைக்காம்பை ஒடித்தால் பால் வரும், வெள்ளைக்காதில் வராது. இலையைக் கிள்ளக்கூடாது என்று விதி இருக்கும்போது பால் வருகிறதா என்று யார் பார்க்க முடியும். ஏழாம் எண் செத்தபோது அந்தத் தகட்டைக் கழற்றி, கை எட்டும் தூரத்தில் இருந்த ஒரு நாய்க்காதில் மாட்டினேன். கயிற்றைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டினேன். பதினைந்து உயிரோடு இருக்கும்போது ஒன்று போனதைச் சொல்லி, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அவல் கொடுப்பானேன் என்று நினைத்தேன். பதினாறாவது தகட்டை மாற்றும்போதும் கிட்டத்தட்ட அதையேதான் நினைத்தேன்.

தவறாக எண்ணாதீர்கள். அந்தக் காட்டில் வெள்ளைக்காது தவிர நானூற்றுச் சொச்சம் வகைச் செடிகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கரையைவிட்டால் வேறு போக்கிடம் இல்லாதவை. ஆனால் சட்டத்துக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். செத்த செடிகளைச் செய்தித்தாளில் சுற்றி அலுவலக அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கட்டின்மேல் "இதர" என்று எழுதினேன். இதர என்று எழுதினதை அரசாங்க அலுவலகத்தில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பிறகு வருஷத்துக்கு ஒரே ஒரு வேலைதான் கூடுதல். முதல் மழை விழுந்த வாரம் நாய்க்காது மொட்டு விடும். தகடு மாட்டின பதினாறிலும் மொட்டுகளை நான் போய்க் கிள்ளிவிட வேண்டும். வேலியே பயிரை மேய்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பயிர் போய்விட்டது, வேலியையாவது காப்பாற்றுவோம் என்றுதான் நினைத்தேன். எண்ணிக்கை நாளில் நான் உள்ளே போய்க் குனிந்து "ஒண்ணு, நலம்" என்றேன். அவள் எழுதினாள். அப்படி ஐந்து வருஷம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பிரசவ வலி கண்டது. வீட்டில் ஆள் இல்லை, என் மனைவிதான் ஆம்புலன்ஸில் கூடப் போனாள். பழைய பாலத்தில் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றுவிட்டது. குழந்தை பாலத்தின் மேலேயே பிறந்தது, அழவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் எங்கள் வீட்டுப் பின்வாசலில் என் மனைவியோடு உட்கார்ந்திருந்தாள். "அந்தச் செடிக்காகத்தானேக்கா பாதை போடல" என்று கேட்டாள். என் மனைவி அவள் தலையைத் தடவி, "ஒலகத்துலயே அந்தப் பதினாறுதாம்மா இருக்கு. அதுவும் உசுருதானே. யாரோ ஒருத்தர் பொறுத்துக்க வேண்டியிருக்கு" என்றாள். நான் சமையலறை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெங்காயமாக இருந்தது வசதியாகப் போயிற்று.

இனி துணி விஷயத்துக்கு வருகிறேன். நாய்க்காதுப் பால் சட்டையில் பட்டால் முதலில் தெரியாது. சோப்புப் பட்டதும் துருப்பிடித்த மாதிரி பழுப்பாகும், அப்புறம் என்ன தேய்த்தாலும் போகாது. நான் துணி துவைக்காதவன், எனக்கு இது தெரியவே தெரியாது. இந்த வருஷம் ஒரு புதன்கிழமை அவள் என் சட்டையின் கைப்பட்டையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"வருஷா வருஷம் இதே வாரம், இதே கறை. இது நாய்க்காதுப் பாலு. அத நீங்க எதுக்குக் கிள்றீங்க?"

போகிற வழியில் உரசியிருக்கும் என்றேன். அவள் "ம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தேதி முத்திரையைப் பார்த்துப் பார்த்தே காலத்தை ஓட்டினவள். அந்த "ம்" எதற்கு என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாகக் காட்டுக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜைமேல் ஒரு பழுப்பு நிறத் தபால் உறை இருந்தது. அதை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். பதினாறு இலைகள். ஒவ்வொன்றின் காம்பிலும் எண் எழுதின துண்டுச் சீட்டு. ஒடித்த இடத்தில் எல்லாவற்றிலும் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. வெள்ளைக்காதில் பால் வராது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். என் விதியை மீறி ஒருவர் இலை கிள்ளினது அதுதான் முதல் தடவை.

அவள் கத்தவில்லை. "எப்பலேருந்து?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். விரல் விட்டு எண்ணினாள். "அஞ்சு கையெழுத்து" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன சொன்னேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். ஜன்னல்ல கேட்டேன்."

கேட்காமல் இருந்திருப்பேன் என்று நம்பியிருப்பாள் போல. அப்போதுதான் அவள் முகம் மாறியது. மற்றதெல்லாம் தாங்கிக்கொண்டவள் அதைத் தாங்கவில்லை.

காட்டைப் பற்றி எடுத்துச் சொன்னேன். நானூற்றுச் சொச்சம் என்றேன். பொறுமையாகக் கேட்டாள். "காட்ட வெட்டச் சொல்லலீங்க. காடு வேணும்னு நானும் வந்து சொல்றேன். ஆனா செத்துப்போனதக் காட்டிக் கேக்க வேணாம். உள்ளதச் சொல்லிக் கேப்போம்."

"குடுக்கலேன்னா?"

"குடுக்கலேன்னா, அழுதுட்டு வருவோம். வேற என்ன பண்றது."

திங்கட்கிழமை வருடாந்தர ஆய்வுக் குழு கூடுவதாக இருந்தது. நோட்டில் கையெழுத்திட்ட இரண்டு பேரையும் வரச்சொல்லியிருந்தார்கள். என்னை முந்திக்கொண்டு போய்ச் சொல்லிவிடலாம் அல்லவா, அவள் அப்படிச் செய்யவில்லை. "நீங்களே மொதல்ல சொல்லிடுங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்" என்றாள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்பதை அவள் சொல்லவில்லை, எனக்கு விளங்கிற்று. அவள் அப்படிப்பட்டவள். அவளைப்போல ஒருத்தி எனக்குக் கிடைத்திருக்கவே கூடாது.

சனிக்கிழமை வழக்கம்போல இருந்தது. நான் சமைத்தேன், அவள் துவைத்தாள். அந்தச் சட்டையையும் இன்னொரு தரம் தேய்த்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்குச் சமையலறையை ஒட்டி இருக்கிற துவைக்கும் மெஷின் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. நெஞ்சை அடைக்கிறது, இடது கை மரத்துப்போகிறது என்றாள். அவள் அம்மாவும் அப்படித்தான் போனார்கள், அதனால் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. "ஃபோன் பண்ணுங்க" என்றாள். சமையலறைப் பக்கம் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. ஃபோனை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனேன். எண்ணை அழுத்தினேன். பச்சைப் பொத்தானை அழுத்தவில்லை. ஜன்னல் வழியாகக் காட்டின் தலை தெரிந்தது. அவள்மேல் எனக்குத் துளிக் கோபம் இல்லை. நாளைக்குத் திங்கட்கிழமை என்று மட்டும் நினைத்தேன். திரும்பி வந்து, "சொல்லிட்டேன். கெளம்பிட்டாங்க" என்றேன்.

"நாப்பது நிமிஷம்ல. இருக்கேன்" என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவளைத் தரையில் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஈரத்துணியால் முகம் துடைத்தேன். விசிறினேன். அவள் கையை விடவே இல்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏழரை மணிக்கு, "நாளைக்கு என்னால வரமுடியலேன்னாலும் நீங்க சொல்லிடுங்க, என்ன?" என்றாள். சரி என்றேன். அந்த வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை எழுந்துபோய் அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பேன். ஏழு ஐம்பதுக்கு, "பாலம் தாண்டியிருப்பாங்கல்ல?" என்று கேட்டாள். தாண்டிட்டாங்க என்றேன். எட்டு மணிக்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு இரண்டுக்குக் கை தளர்ந்தது. மூன்று நிமிஷம் கழித்து முன் அறைக்குப் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

ஆம்புலன்ஸ் எட்டு நாற்பத்து மூன்றுக்கு வந்தது. முப்பத்தெட்டே நிமிஷம். நல்ல ஓட்டுநர். வேர்த்து விறுவிறுத்து உள்ளே ஓடிவந்தார், அவளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அவள் அக்காதான்.

ஊரிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "வண்டி வர்றதுக்குள்ள போயிட்டா" என்றேன். உண்மைதானே. எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்பது நிமிஷம் என்பது அவர்கள் நாக்கின் நுனியிலேயே இருந்தது. ஆய்வுக் குழுவும் துக்க வீடு என்று திங்கட்கிழமைக் கூட்டத்தைத் தள்ளிவைத்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இந்த முறை ஊர் வாய் எனக்குச் சாதகமாகத்தான் திறந்தது. அப்படித்தான் ஒரு வாரம் நினைத்தேன்.

இரண்டாவது வாரம் தபால் நிலையக் கவுண்டர் கண்ணாடியில் அவள் படத்தை ஒட்டினார்கள். கீழே, இன்னும் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. பிறகு அந்தப் படம் தெருத்தெருவாகப் போயிற்று. பக்கத்து வீட்டு மருமகள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நடந்தாள். நாலாயிரம் கையெழுத்துகள் சேர்ந்தன. வெள்ளைக்காது இருந்தாலும் பரவாயில்லை, மனித உயிருக்காக விதிவிலக்குத் தரலாம் என்று இப்போது நீதிமன்றம் நினைக்கிறதாம். வருகிற வியாழக்கிழமை விசாரணை. பாதைக்கு அவள் பெயரையே வைக்கப் போகிறார்கள். எந்தக் காட்டுக்காக நான் அவளை அப்படியே படுக்கவிட்டேனோ, அந்தக் காட்டை அவளை வைத்தே வெட்டப் போகிறார்கள்.

அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் பதிவேடு இருக்கும், பாருங்கள். அழைப்பு வந்தது எட்டு ஐந்து. வலி கண்டது ஏழு பத்து. முக்கால் மணி நேரத்துக்குள் ஆம்புலன்ஸ்காரர்கள் கைக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று ஆஸ்பத்திரி மருத்துவரே என்னிடம் சொன்னார், என்னைத் தேற்றுகிறோம் என்று நினைத்து. ஏழு பத்துக்கே கூப்பிட்டிருந்தால் வண்டி சுற்றுவழியிலேயே வந்திருந்தாலும் போதும், நேரம் இருந்தது. அவளைப் பாதை கொல்லவில்லை. நான் கொன்றேன். வியாழக்கிழமைக்கு முன்னால் இது நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும், மேடம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வருத்தமில்லையா என்று நீங்கள் கேட்டீர்கள். காலையில் இரண்டு பேருக்கு அளந்துதான் இன்னும் சமைக்கிறேன். அவள் பங்கை மூடி வைத்துவிட்டுச் சாயங்காலம் கொட்டுகிறேன். முக்காலியை அந்த இடத்தைவிட்டு நகர்த்த முடியவில்லை. வலி தாங்காமல் அவள் என் மணிக்கட்டில் நகத்தால் அழுத்தின தழும்பு ஆறிவிட்டது, ஆறியிருக்க வேண்டாம் என்று இருக்கிறது. உலகத்தில் என்னை முழுசாக நம்பினவள் அவள் ஒருத்தி. கடைசி ஐம்பத்திரண்டு நிமிஷமும் நம்பினாள்.

படித்துக் காட்டியதற்கு நன்றி. நேரமெல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு திருத்தம். வெள்ளைக்காது செத்தது, தகடு மாற்றியது, மொட்டுக் கிள்ளியது, அவள் இலைகளைக் கொண்டுவந்தது, இவற்றை மட்டும் அடித்துவிடுங்கள். அதெல்லாம் உங்களுக்குப் புரியட்டும் என்று சொன்னது, கோப்புக்கு வேண்டாம். பதினாறும் நலமாக இருப்பதாகவே இருக்கட்டும்.

அப்படியானால் ஏன் செய்தீர்கள் என்று என்ன எழுதுவது என்கிறீர்கள். நியாயமான கேள்வி. புருஷன் பெண்டாட்டி தகராறு என்று எழுதிக்கொள்ளுங்கள். அவள் வாய் சரியில்லை, வீட்டில் தினம் சண்டை, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை என்று எழுதுங்கள். இப்படி ஒன்றைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். முப்பத்தொரு வருஷத்தில் நாங்கள் ஒருநாள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்ததில்லை, அது வேறு விஷயம். அந்தப் படத்தையும் ஊர் கிழித்துப் போட்டுவிடும், காடு பிழைக்கும். பேனாவைக் கொடுங்கள். அவள் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.